பூட்டுக்குள் போன பிடியரிசி

நாட்டின் வரவு செலவை ஒரே ஒரு கிழமைக்கு எங்கள் சின்ன ஒழுங்கையில் குடியிருக்கும் இரத்தினேஸ்வரியின் கையில் கொடுத்திருந்தால், இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நம்மிடம் கைமாற்றுக் கேட்டு வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த வரிசை உட்துறைமுக வீதியில் தொடங்கி நிலாவெளியைத் தாண்டிப் போயிருக்கும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். நிலாவெளி வரைக்கும் போயிராது. உப்புவெளியோடு நின்றிருக்கும்.

கூட்டாமல் சொன்னால், இரத்தினேஸ்வரி எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. குள்ளமான உருவம், உரத்த குரல், கையில் எப்போதும் ஏதாவது ஒரு மூடி. பானை மூடி, போத்தல் மூடி, பேணி மூடி. எதுவும் திறந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. நான் வாயைத் திறந்தாலும் அப்படித்தான் பார்ப்பாள்.

பிறந்தது இறக்கக்கண்டியில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். கடற்காசுக்கு ஒரு குணம் உண்டு. அது மாதக் கடைசியைப் பார்த்து வராது, காற்றைக் கேட்டுக்கொண்டு வரும். வலையில் பாரை விழுந்த அன்று வீடு திருவிழா. காற்று மாறினால் அடுப்புக்குள் பூனை. அதனால் அவளுடைய தாய் ஒரு தலைகீழ் வழக்கம் வைத்திருந்தாளாம். கடல் தந்த அன்று வீட்டில் கஞ்சி, தராத அன்று சோறு. ஊரார் அதைப் பைத்தியம் என்றார்கள். காற்று மாறிய நாட்களில் அந்தப் பைத்தியத்தின் வீட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

அந்த வீட்டுப் பெண் மாதச் சம்பளக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். தங்கத்துரை, துறைமுகத்துக்குள் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளர். அவருக்குத் தெரியாமல் அங்கே ஒரு திருகாணியும் படி இறங்காது. கேட்டால் உடனே கொடுக்கவும் மாட்டார். எதற்கு, எத்தனை, பழையது எங்கே என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். நல்ல மனிதர். கேள்விதான் கூட.

இரத்தினேஸ்வரி வந்த சில வருடங்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு காரியத்தைத் தொடங்கிவைத்தாள். பிடியரிசி. உலைக்கு அரிசி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு பானையில் போடுவது. எங்கள் அம்மாமாரும் கோயிலுக்கென்று இதைச் செய்தவர்கள்தான். இவள் அதைச் சீட்டாக மாற்றினாள். ஒழுங்கையில் பதினொரு வீடு. மாதம் முடிய எல்லாருடைய பிடியும் ஒருத்தியிடம் போகும். யாருக்கு எந்த மாதம் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கி வைத்துக்கொள்வோம். அரிசியைச் சமைக்கலாம், விற்கலாம், அது அவளவள் பாடு. கஜந்தி விற்று மகளுக்குச் சப்பாத்து வாங்கினாள். மைமூனா கோழிக்குஞ்சு வாங்கினாள். நான் ஒரு மாதத்து அரிசியை விற்று என்ன வாங்கினேன் என்பதை இங்கே சொல்வதற்கில்லை. புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சட்டம் மட்டும் கடுமையானது. ஆண்களுக்குச் சொல்லக்கூடாது. கஞ்சத்தனத்தால் அல்ல. எந்த வீட்டுப் பானை எந்த மாதம் காலியாகிறது என்பது பெண்களோடு நிற்கும்வரை அது சமையல் விஷயம். அது சந்திக்குப் போனால் மானப் பிரச்சினை ஆகிவிடும். நேற்று ஒன்றாகக் காட்ஸ் விளையாடியவன் இன்றைக்கு இரக்கத்தோடு பார்ப்பான். அந்தப் பார்வையை எந்தக் குடும்பமும் தாங்காது.

இப்படி இருக்கும்போதுதான், இரண்டாயிரத்து இருபது பங்குனியில், ஊரடங்கு வந்தது.

வீட்டில் இருந்தால் காசு மிஞ்சும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னார். அவர் தன் வீட்டில் சமைக்கிறவர் இல்லைப் போலும். மிஞ்சியது உண்மைதான். பஸ் காசு நின்றது. கலியாண வீடுகளுக்கு வைக்கிற என்வலப் நின்றது. வருடப் பிறப்புக்குப் புது உடுப்பு நின்றது. தங்கத்துரை வேலைத்தலத்தில் குடிக்கும் பிளேன்ரீயும் கடிக்கும் வடையும் நின்றன. ஆனால் அந்த மனிதர் நிற்கவில்லையே. வீட்டில் அவருக்குப் பால்மாத் தேநீர் ஐந்து தடவை. மின்விசிறி விடிய விடியச் சுற்றியது. காஸ் சிலிண்டர் கரைந்தது. பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பாடம் போனுக்குள் போய்விட்டதால், வாத்தியார் வாயைத் திறக்கும் முன்னமே டேட்டா முடிந்தது. காசு செலவாகாமல் இருக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு வெளியே போன காசு குசினி அடுப்பு வழியாகப் போனது, அவ்வளவுதான். ஓவர்டைம் வேறு இல்லாமல் போனது. ஓவர்டைம்தான் எங்கள் ஊர்ச் சம்பளத்தின் சதை, மற்றதெல்லாம் எலும்பு.

இரத்தினேஸ்வரி பதறவில்லை. கொழும்புக்கு லொறி ஓடாததால் பெரிய மீனெல்லாம் கரையில் சின்னச் சூடை மீனின் விலைக்குக் கிடந்தன. ஒழுங்கை முழுக்க மீன் குழம்பு மணத்தது. அவள் வீட்டில் மட்டும் பருப்பும் சம்பலும். வாங்கிய மீனையெல்லாம் வெட்டி உப்புப் போட்டுக் கூரையில் காயவிட்டிருந்தாள். கிளிவெட்டியில் கட்டிக் கொடுத்த அவளுடைய தமக்கை, பெரும்போக வெள்ளாமை முடிந்ததும் இரண்டு மூட்டை அரிசி அனுப்பியிருந்தாள். வீடு ஒரு மாதிரி ஓடும் என்றிருந்தது.

ஓட விடுவாரா? சும்மா இருந்து பழக்கமில்லாத தங்கத்துரை ஒரு காலையில் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாருமப்பா, ஒரு கிழமைக்கு எவ்வளவு சீனி போகுது?”

“போறளவுக்குப் போகுது.”

“அப்பிடியொரு அளவு என்ர ஸ்டோரில இல்லை.”

“இது உங்கட ஸ்டோர் இல்லை. இது குசினி.”

“இண்டையிலயிருந்து ரெண்டும் ஒண்டுதான். நான் பொறுப்பெடுக்கிறன்.”

எடுத்தார். சீலை அலுமாரியில் இருந்த சீலைகளை இறக்கிக் கதிரையில் போட்டுவிட்டு, பருப்பையும் சீனியையும் பால்மாவையும் அடுக்கினார். அரிசி மூட்டைகள் அவருடைய பெரிய மரப்பெட்டிக்குள் போயின. பூட்டும் போட்டார். திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. காலையில் எழும்பியதும் அவள் பாத்திரத்தோடு போய் நிற்க வேண்டும். எதற்கு, எத்தனை, பழையது எங்கே?

“நேற்றைய பருப்பு எங்கையெண்டு கேக்கிறார் டீச்சர்,” என்றாள் என்னிடம், மதிலுக்கு மேலால். “நான் என்னெண்டு சொல்லுறது?”

“ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறாய்? திறப்பைப் பறிக்கிறதுதானே.”

“விடுங்கோ. அந்த மனிசனுக்கும் ஒரு வேலை வேணுமே. பருப்பை எண்ணாட்டி என்னையெல்லோ எண்ணிக்கொண்டிருக்கும்.”

ஒரு கிழமை இப்படிப் போனது. வீட்டுச் சீனியில் பாதிக்கு மேல் தன்னுடைய தேநீருக்குள்தான் போகிறது என்பதைத் தங்கத்துரை தானே கண்டுபிடித்தார். அன்றோடு சீனி விசாரணை மட்டும் கைவிடப்பட்டது. அவர் அளந்து கொடுத்த அரிசியிலிருந்தும் இரத்தினேஸ்வரி ஒவ்வொரு நேரமும் ஒரு பிடியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். சோறு குறைகிறதே என்று அவர் யோசிக்க, “வீட்டிலயிருந்தா வயிறு பெருக்கும், உலை என்ன செய்யும்?” என்று கேட்டு வாயை அடைத்தாள்.

அந்த மாதச் சீட்டு அவளுடையது. கிணற்றுக் கப்பி தேய்ந்து கயிறு அடிக்கடி நழுவிக்கொண்டிருந்தது. புதுக் கப்பியும் நைலோன் கயிறும் வாங்க வருடத் தொடக்கத்திலிருந்தே நினைத்திருந்தாள். எங்கள் எல்லாருடைய பிடியும் அவள் வீட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டது. குசினி மூலையில், ஒரு பெரிய கிடாரம் நிறைய, சாக்கால் மூடி வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆடு வந்தது.

ஒழுங்கைக் கடைசி வீடு ஷிஃபானாவுடையது. புருஷன் பாஹிம் ஆட்டோக்காரர். வெள்ளைக்காரரை நிலாவெளிக் கடற்கரைக்கு ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. வெள்ளைக்காரர் வருவது நின்றதும் ஆட்டோவைத் தறப்பாளால் மூடிவிட்டார். சிரித்த முகம், நெஞ்சு நிமிர்ந்த நடை, யாரிடமும் ஒரு தீப்பெட்டி கேட்டறியாதவர். ஷிஃபானாவும் அப்படியே. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “நல்லம் அல்ஹம்துலில்லாஹ்” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆனால் அவர்களுடைய ஆட்டுக்கு அந்த வளர்ப்பு இல்லை. இரண்டு நாளாக அது இரத்தினேஸ்வரியின் படலையில் வந்து நின்று கத்தியது. அரிசி கழுவிய தண்ணீரை வைத்தால் வாளியை நக்கி முடித்துவிட்டு மறுபடி கத்தியது. மூன்றாம் நாள் இரத்தினேஸ்வரி என்னை மதிலுக்குக் கூப்பிட்டாள்.

“டீச்சர், அந்த வீட்டில அரிசி கழுவினா ஆடு ஏன் இஞ்ச வருது?”

நான் ஆட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

“நோன்பு வேற தொடங்கப் போகுது,” என்றாள். “பள்ளிவாசலும் பூட்டு. இந்த வருஷம் அங்கயிருந்து கஞ்சியும் வராது. நோன்பு திறக்கிறதுக்கு அதுகள் என்ன செய்யும்? என்ர முறையை அவளுக்கு மாத்துங்கோ. கப்பி தேஞ்சாலும் தண்ணி வரும்.”

மற்ற வீடுகளுக்குச் சொன்னோம். எல்லாரும் ஓம் என்றார்கள். நோன்புக்கு முன் கிடாரம் ஷிஃபானாவின் குசினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது முடிவு.

அடுத்த நாள் இரத்தினேஸ்வரி குளிக்கப் போன நேரம், தங்கத்துரைக்குக் களஞ்சியத்தின் இருப்பைச் சரிபார்க்கும் எண்ணம் வந்தது. மூலைக்குள் கையை விட்டார். சாக்கைத் தூக்கினார். கிடாரம் நிறைய, தன் கணக்கில் வராத அரிசி! பட்டறையில் இப்படியொரு மிகை இருப்பு அகப்பட்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார். மரப்பெட்டியைத் திறந்தார், பதினொரு வீட்டு அரிசியையும் மூட்டைக்குள் கொட்டினார், பூட்டினார். ஈரத் தலையோடு அவள் வந்தபோது கழுவிக் கவிழ்த்த கிடாரமும், பதக்கம் வாங்கிய முகத்தோடு அவரும் இருந்தார்கள்.

“பாத்தீரே, உம்மட நிர்வாகத்தை? ஒரு கிடாரம் அரிசி ஆருக்கும் தெரியாமக் கிடந்திருக்கு!”

அவள் என்ன சொல்ல முடியும்? இது நம்முடையதல்ல என்றால் யாருடையது என்று கேட்பார். யாருடையது என்றால் யாருக்கு என்று கேட்பார். அவர் கேள்வி மூன்றோடு நிற்காது. பாஹிமோ அவரோடு பின்னேரங்களில் காட்ஸ் விளையாடிய கூட்டாளி.

மதிலுக்கு வந்தபோது அவளுடைய கையில் மூடி இருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

“குடி முழுகிப் போச்சு டீச்சர். அவ்வளவையும் உள்ளுக்குத் தள்ளிப் பூட்டிப்போட்டார். நாளையிண்டைக்கு நோன்பு.”

“உண்மையைச் சொன்னால் என்ன?”

“அவர் நல்ல மனிசன், குடுப்பார். குடுத்துப்போட்டுப் பாஹிமின்ர தோளைத் தட்டி, ‘ஒண்டுக்கும் யோசியாதேயும்’ எண்டும் சொல்லுவார். அதோட அந்தப் பிள்ளை எங்கட வீட்டுப் படலையை மிதியாது. அரிசியும் வேணும், அவளும் வேணும் எனக்கு.”

பொய் சொல்லும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் முன்னனுபவம் உண்டு. நான் சொன்னேன்: “களஞ்சியக்காரனிட்ட அரிசியைக் களவெடுக்கேலாது. கேட்டால் தருவான். எல்லாரும் போய்க் கேப்பம்.”

மறுநாள் விடிய முதலாவது ஆளாக நானே பையோடு போனேன்.

“தம்பி தங்கத்துரை, ரெண்டு கொத்து அரிசி கைமாத்தாத் தாருமன். கடை திறந்த உடன தாறன்.”

“ஏன் டீச்சர், வீட்டில முடிஞ்சுதோ?”

“மருமகன் வீட்டிலயிருந்து வேலை செய்யிறார். வேலையைத்தான் நான் காணேல்லை. சாப்பாடு மூண்டு நேரமும் காணுறன்.”

என்னை ஒரு தரம் பார்த்தார். வேறு கேள்வி கேட்காமல் பெட்டியைத் திறந்தார். களஞ்சியக்காரனுக்குத் தன்னிடம் ஒருவர் கைநீட்டும்போது வருகிற பெருமையை நான் கணக்கிட்டுத்தான் போனேன். இரண்டு கேட்டேன், மூன்று போட்டார்.

அடுத்து மைமூனா. எலி என்றாள். அதற்கடுத்தவள் பானை உடைந்தது என்றாள். கஜந்திக்கு நான் சொல்லிக் கொடுத்தது என்னவோ சாதாரணமான ஒரு கதைதான். அவள் அங்கே போனதும் தன் பங்குக்குக் கைவண்ணம் காட்டினாள்.

“மான், அண்ணை. ரோட்டில சனமில்லாதபடியா கோட்டைப் பக்கத்து மானெல்லாம் ஒழுங்கைக்குள்ள வருதெல்லோ. குசினிக்குள்ள வந்து அரிசிப் பானைக்குள்ள தலையை விட்டுட்டுது.”

“மான் புழுங்கலரிசி தின்னுமோ பிள்ளை?”

“பசிச்சாத் தின்னும்தானே அண்ணை.”

“கறி ஒண்டும் கேக்கேல்லையோ?”

மதிலுக்கு இந்தப் பக்கம் நான் வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றேன். இரத்தினேஸ்வரி குசினிக்குள் தேங்காய் துருவுவது போல வெறும் துருவலையை உரசிக்கொண்டிருந்தாளாம். மத்தியானத்துக்குள் அந்த ஒழுங்கையில் எலி, பூனை, மான், மழை எல்லாம் வந்து அரிசியை அழித்து முடித்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் கேட்டதற்கு மேல் ஒரு கொத்துக் கூடவே விழுந்தது. எல்லாம் என் வீட்டில் வந்து சேர்ந்தது.

பின்னேரம் இரத்தினேஸ்வரி, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றையும் மேலே வைத்து, பின்வேலியால் கொண்டுபோய் ஷிஃபானாவின் குசினி வாசலில் இறக்கினாள். இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது. நானும் ஒரு பையோடு பின்னால் போனேன். ஆடு எங்களை முந்திக்கொண்டு போனது.

“இந்தா பிள்ளை, உன்ர முறை.”

ஷிஃபானா அப்படியே நின்றாள். “என்ட மொற ஆவணியிலதானே அக்கா?”

“திரும்பக் குலுக்கினனாங்கள். உன்ர பேர் வந்தது.”

“என்னைக் கூப்பிடாம குலுக்கினீங்களா?”

“ஊரடங்கெல்லோ. கூட்டம் கூடப்படாது.”

ஷிஃபானா பைகளைப் பார்த்தாள். இரத்தினேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். “ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது அக்கா. டீச்சர்ட்டப் படிச்சிரிக்கணும் நீங்க.”

இரத்தினேஸ்வரி கருவாட்டுப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். எனக்கு அந்த நிமிடம் ஆட்டைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அவள் பைகளைத் திருப்பித் தள்ளிவிட்டால் எல்லாம் முடிந்தது.

“சரி,” என்றாள் ஷிஃபானா கடைசியில். “எடுக்கிறன். ஆனா ஆவணியில என்ட மொற வரக்குள்ள அது ஒங்கட மொற. அப்ப வேணாமெண்டு சொல்லப்படாது.”

“சொல்லமாட்டன்.”

“அப்ப கொண்டாங்க உள்ளுக்கு.”

நோன்பு தொடங்கிய அன்று மாலை, கறுவாவும் ரம்பையும் தேங்காய்ப்பாலுமாக ஒழுங்கை மணத்தது. பள்ளிவாசலில் இருந்து வராத கஞ்சி, கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மூடி போட்ட கோப்பையில் வந்தது. தங்கத்துரை இரண்டு கோப்பை குடித்தார். உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். பிறகு எதையோ யோசித்துவிட்டு, கழுத்துச் சங்கிலியிலிருந்து திறப்பைக் கழற்றிக் குசினி ஆணியில் மாட்டினார். அடுத்த நாள் சீலைகள் அலுமாரிக்குத் திரும்பின. இன்றைக்கும் அவற்றில் லேசாகப் பருப்பு மணக்கிறது என்று இரத்தினேஸ்வரி சொல்கிறாள்.

ஆவணியில் கப்பி வந்தது. ஷிஃபானாவே கடைக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தாள். பிறகு வந்த வருடங்களில் காஸுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் ஊரே வரிசையில் நின்றபோது, எங்கள் ஒழுங்கை அவ்வளவாகத் தடுமாறவில்லை. வீட்டோடு இருந்து பழகியிருந்தோம். எதை விட்டால் வலிக்காது, எதை விட்டால் வீடு உடையும் என்று தெரிந்திருந்தது. தேநீரைக் குறைத்தோம். பிடியைக் குறைக்கவில்லை. ஷிஃபானா இப்போது நிலாவெளி விடுதிகளுக்கு இடியப்பம் அவிக்கிறாள். விடியற்காலை ஆட்டோவில் முதலில் ஏறுவது பயணி அல்ல, இடியப்பப் பெட்டி. இதை எழுதட்டுமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். “பேரை மாத்தாம எழுதுங்க டீச்சர். மானைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க,” என்றாள்.

இவ்வளவையும் எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை இரத்தினேஸ்வரியின் குசினியில் வைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியாக, “பிடியரிசி போன வழி இன்றுவரை தங்கத்துரைக்குத் தெரியாது” என்று முடித்திருந்தேன். அச்சில் வந்தாலும் ஆபத்தில்லை. மனிதர் பேப்பரில் மரண அறிவித்தல் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை.

அவர் மீன் வாங்கப் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தோம். மீனை வாங்கி வந்து, பின்கதவுக்கு வெளியே குந்தியிருந்து செதிள் உரசிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தியோடு எழுந்து வந்தார்.

“டீச்சர், ஒரு திருத்தம்.”

இரத்தினேஸ்வரியின் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது.

“நான் அரிசியைக் கொட்டிப் பூட்டின அண்டைக்குப் பின்னேரம் பாஹிம் படலையில வந்து நிண்டவன். காத்தைப் பற்றிக் கதைச்சான். சூடை மீனைப் பற்றிக் கதைச்சான். கண்ணெல்லாம் விறாந்தையில கிடந்த அந்த மரப்பெட்டியில. கேக்க வந்தவன், கேக்காமலே போட்டான். நான் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தா அதுக்குப் பிறகு என்ர முகத்தைப் பாப்பானோ? என்னெண்டு குடுக்கிறதெண்டு தெரியாம நான் முழிச்சுக்கொண்டிருக்க, நீங்கள் விடிய வந்து நிண்டு மருமகன் சாப்பிட்டு முடிக்கிறாரெண்டு சொன்னீங்கள். உங்கட மருமகன் அந்த நேரம் கட்டாரிலயெல்லோ?”

நான் கீழே விழுந்த மூடியைக் குனிந்து எடுத்தேன். 

“பிறகு ஒழுங்கையில எல்லா வீடும் வந்து கேட்டுது. இல்லாத வீடு மட்டும் வரேல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேணுமே? அதாலதான் கூடக் கூடப் போட்டனான். அந்தக் கடைசி வரியில ‘தங்கத்துரைக்குத் தெரியாது’ எண்டதை வெட்டுங்கோ. ‘தங்கத்துரை கேட்கவில்லை’ எண்டு போடுங்கோ.”